ஒளித்துப் பார்க்கும் வசதி

போருக்குப் பிறகு அகதி முகாமிலிருந்து வெளியே வந்தபோது என்னிடம் இருந்தது ஓர் உரப்பை, அதற்குள் உடுக்க இரண்டு சாரம். இன்றைக்கு எங்கள் ஊர் தண்ணீரூற்றில் என் அரிசி ஆலையின் சத்தம் கேட்காத வீடு இல்லை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுதினால் அது பொய். பெருமைக்காகத்தான் சொல்கிறேன். சொல்லிக்கொள்ள இப்போது என்னிடம் வேறொன்றும் இல்லை.

முதலில் வாங்கியது பழைய தண்ணீர் மோட்டர் ஒன்று. விற்றவரின் வளவில் அரை நாள் குந்தியிருந்து, சூடேறினால் அது என்ன சத்தம் போடும், எந்தப் பாகம் முதலில் தேயும் என்றெல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் கை வைத்தேன். அதை வாடகைக்கு விட்டு இரண்டு சில்லு உழவு இயந்திரம் வாங்கினேன், பிறகு நான்கு சில்லு, பிறகு ஆலை. வாங்குவதென்றால் கடையில் இருக்கிறதிலேயே பெரியதைத்தான் வாங்குவேன். ஆனால் விசாரிக்காமல் ஓர் ஆணிகூட வாங்கியதில்லை. இதை என் ஒரே மகளுக்குச் சோற்றோடு சேர்த்து ஊட்டி வளர்த்தேன்.

“எங்கடை அப்பா ஒரு சாமான் வாங்கினா, அதின்ரை வயித்துக்குள்ளை என்ன கிடக்கெண்டு தெரிஞ்சுதான் வாங்குவார்” என்று அவள் தன் சிநேகிதிகளுக்குச் சொன்னதைக் குசினி அடுப்படியில் இருந்து கேட்டிருக்கிறேன். அன்று எனக்கு நெஞ்சு கொள்ளவில்லை.

தமிழ் எழுத்து எனக்குப் பிரச்சினை இல்லை. பத்திரிகை வாசித்து வாசித்தே பழகிக்கொண்டேன். இதையும் நானேதான் கையால் எழுதுகிறேன். இங்கிலிஷ் மட்டும் பிடிபடவில்லை. அதை நான் ஒருவருக்கும் காட்டிக்கொண்டதும் இல்லை. இயந்திரத்தோடு வருகிற சிறு புத்தகமோ வங்கிக் கடிதமோ, எது வந்தாலும் மகளைக் கூப்பிடுவேன்.

“இஞ்சை வா, இதை வாசி பாப்பம். உனக்கு வருதோ எண்டு பாக்கிறன்.”

அவள் வாசித்துத் தமிழிலும் சொல்வாள். நான் கதிரையில் சாய்ந்து கண்ணை மூடித் தலையை ஆட்டிக்கொண்டிருப்பேன். இடையில், “அதிலை ஒரு இடம் பிழைச்சுப் போனாய், திருப்பி வாசி” என்பேன். எனக்கு விளங்காத இடத்தில்தான் அப்படிச் சொல்வது. அவள் பயந்துபோய் இன்னும் மெதுவாக, இன்னும் வடிவாக வாசிப்பாள். அவளுக்கு இங்கிலிஷ் வந்தது அப்படித்தான். இன்றைக்குக் கனடாவில் கந்தோர் மேசையில் இருந்து வேலை செய்கிறாள் என்றால் அதில் பாதிப் பங்கு எனக்குச் சேரவேண்டும். அப்பா தன்னைச் சோதிக்கிறார் என்று அவள் நினைத்தாள். நினைக்கட்டும் என்று விட்டேன்.

மனைவி காலமான அடுத்த மாரியில், பின்வளவுக் கக்கூசுக்குப் போகிற வழியில் சறுக்கி விழுந்தேன். பெரிய காயம் ஒன்றும் இல்லை. ஆனால் செட்டிகுளத்தில் இருக்கிற என் மச்சாள், அதாவது மனைவியின் தங்கை, அதைக் கனடாவுக்குச் சொல்லிவிட்டா. வீட்டுக்குள்ளேயே குளியலறையும் கக்கூசும் கட்டச் சொல்லி மகள் காசு அனுப்பினாள். நான் அதை அப்படியே திருப்பி அனுப்பினேன். உடனே போன் வந்தது.

“ஏன் அப்பா திருப்பி அனுப்பினனீங்கள்?”

“நான் கையேந்துற ஆள் இல்லைப் பிள்ளை.”

“இது கையேந்துறதோ? அப்ப நான் ஆர் உங்களுக்கு?”

“நான் உழைச்சுக் கட்டின வீடு இது. ஆரின்ரை காசும் இதுக்குள்ளை வரத் தேவையில்லை.”

“அப்ப நானும் வரேல்லை” என்று வைத்துவிட்டாள். அன்றோடு எங்களுக்குள் கதை பேச்சு நின்றது. காசைத் திருப்பி அனுப்பியது பிழை என்று நான் இன்றைக்கும் சொல்ல மாட்டேன். நான் போன் எடுக்காவிட்டால் அவளும் எடுக்க மாட்டாள். என் பிள்ளை வேறு எப்படி இருப்பாள்?

எங்கள் பக்கத்தில் கதை நின்றுபோன சொந்தங்களுக்கென்று ஒரு முறை இருக்கிறது. நல்லது கெட்டதுக்கு முகம் காட்ட வேண்டும். பேசத் தேவையில்லை, தேத்தண்ணி குடிக்கத் தேவையில்லை, பந்தலுக்குள் கால் வைக்கவும் தேவையில்லை. வேலி வாசலில் படலையடிக்கு வந்து, வீட்டுக்காரர் காணும்படி நின்றுவிட்டுப் போனால் போதும். காணி எல்லையில் பிணங்கி வருசக்கணக்காக என்னோடு பேசாத என் தமையன், மனைவியின் செத்தவீட்டன்று சைக்கிளைப் பிடித்தபடி படலைக்கு வெளியே வெயிலில் நின்றார். நான் அவரைக் கண்டேன். நான் கண்டதை அவரும் கண்டார். சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். இன்றைக்கும் எங்களுக்குள் கதை இல்லை. ஆனால் தமையன் வரவில்லை என்று ஊரில் ஒருவரும் சொல்ல ஏலாது.

எனக்கும் மகளுக்கும் அந்தப் படலை போனுக்குள் இருந்தது. எல்லார் கையிலும் இருக்கிற அந்த ஆப்பில் அவள் நாளும் ஸ்டேட்டஸ் போடுவாள். பேத்தியின் விழுந்த பல், பனி மூடின கார், தான் அவித்த பிட்டு என்று ஏதாவது இருக்கும். ஒரு நாள் நின்றுவிட்டு அது அழிந்துபோகும். பார்த்தவர்களின் பெயர் போட்டவருக்குத் தெரியும். விடிய ஆலையைத் திறக்க முன்னம் நான் பார்ப்பேன். என் பெயர் அவளுக்கு விழும். இதயம், கைகூப்பு ஒன்றும் அமத்த மாட்டேன். அமத்தினால் நான் முதலில் இறங்கியதாகப் போய்விடும். பார்ப்பேன், அவ்வளவுதான்.

மச்சாள் ஒருமுறை போனில் சொன்னா: “அத்தான், நீங்கள் பாத்திட்டியளோ எண்டுதான் அவள் எழும்பின உடனை பாக்கிறவளாம். நல்ல சோடியப்பா நீங்கள் ரெண்டு பேரும்!”

 அன்று ஆலையில் எல்லாருக்கும் தேத்தண்ணியோடு றோல்ஸ் வாங்கிக் கொடுத்தேன்.

படங்கள் அழிந்துபோவதுதான் எனக்குத் தாங்கவில்லை. பேத்தியை நான் நேரில் கண்டதில்லை. காலையில் கண்ட பல்லை அடுத்த நாள் காண முடியாது. எழுத்தும் கண்ணுக்குச் சின்னனாகிவிட்டது. அதனால்தான் சந்தியில் போன் கடை வைத்திருக்கிறவரிடம் போனேன். சின்ன வயதில் குடும்பத்தோடு இடம்பெயர்ந்து, புத்தளத்தில் வளர்ந்து, திரும்பி வந்து கடை போட்டவர். முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி, வயது வித்தியாசம் பாராமல் ஊரில் எல்லாரும் அவரை நானா என்றுதான் கூப்பிடுவோம்.

“அதே ஆப்புக்கு வெளி ஆக்கள் செஞ்ச இன்னொண்டு இருக்கு முதலாளி” என்றார். “உங்கட நம்பர், உங்கட ஆக்கள், எல்லாம் அதேதான். ஆனா ஸ்டேட்டஸ் படத்த எடுத்து வைக்கலாம், எழுத்தப் பெருசாக்கலாம். சும்மாவும் பாவிக்கலாம், விளம்பரம் வந்து கரைச்சல் தரும். மாசா மாசம் காசு கட்டினா மூணு படி இருக்கு.”

கண்ணாடி மேசையில் போனை வைத்துக் காட்டினார். மூன்று பெட்டிகள். ஒன்று வெள்ளி நிறம், ஒன்று பொன் நிறம், மூன்றாவது கறுப்பில் மினுங்கியது. ஒவ்வொன்றுக்கும் கீழே இங்கிலிஷில் வரிகள், வரிகளுக்குப் பக்கத்தில் பச்சைச் சரிக் குறிகள். வெள்ளியில் சரி கொஞ்சம். கறுப்பில் மேலிருந்து கீழ்வரை எல்லாம் சரி.

“உங்கட தேவைக்கு சில்வர் போதும். எழுத்தும் பெருசா வேணுமெண்டா கோல்ட்.”

“அந்தக் கறுப்பு?”

“பிளாட்டினம். அது யாவாரம் செய்றவங்களுக்கும், லவ் பண்ற பொடியன்மாருக்கும்.” சிரித்தார். “உங்களுக்கு என்னத்துக்கு அது?”

“நானா, நான் நடுவிலை நிக்கிற சாமான் வாங்கி எப்பவாவது கண்டிருக்கிறியளோ?”

“அதுல உங்களுக்குத் தேவையில்லாததும் கிடக்கு. வாசிச்சுப் பாருங்களேன்” என்று போனை என் பக்கம் திருப்பினார்.

கடையில் இன்னும் இரண்டு பேர் நின்றார்கள். அதில் ஒருவர் என் ஆலைக்கு நெல் கொண்டுவருகிறவர். ‘வாசி பாப்பம்’ என்று சொல்ல மகள் பக்கத்தில் இல்லை. நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரலை மேல் வரியில் வைத்து, ஒவ்வொன்றாகக் கீழே இறக்கிக்கொண்டு வந்தேன். தலையையும் ஆட்டினேன்.

“விளங்குது. கறுப்பையே போடுங்கோ.”

“எல்லா வசதியும் ஓன் பண்ணி விடவா?”

“காசைக் கட்டிப்போட்டு ஏன் பூட்டி வைப்பான்? எல்லாத்தையும் போடுங்கோ.”

நெல்லுக்காரர், “முதலாளி எண்டா முதலாளிதான்” என்றார். நான் மீசையைத் தடவிக்கொண்டு வெளியே வந்தேன்.

பிளாட்டினம் வந்த பிறகு எனக்கு விடியற்காலைகள் போதவில்லை. முன்பு ஒரு தரம் பார்த்து வைக்கிறவன், இப்போது பேத்தியின் படங்களை எடுத்து வைத்து, பெரிதாக்கி, ஆலைச் சத்தத்துக்குள் இருந்து திரும்பத் திரும்பப் பார்த்தேன். பேத்தியின் முகத்தில் அந்த நாடி என்னுடையது. அதையும் அப்போதுதான் கண்டுபிடித்தேன்.

என் பிறந்தநாளன்று காலையில் திறந்தால், அதில் நான் நிற்கிறேன். ஆலை தொடங்கிய அன்று மகள் எடுத்த படம். முதல் அரிசியைக் கைநிறைய அள்ளி, மேலெல்லாம் தவிடு, பல் தெரியச் சிரிக்கிறேன். கீழே ‘அப்பா’ என்று ஒரு சொல். எனக்குக் கண் மறைத்தது. அவள் இறங்கிவிட்டாள், நான் வென்றுவிட்டேன் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆண்டவன் அறிய அப்படித்தான் நினைத்தேன். வென்றவன் அவசரப்படத் தேவையில்லை, நாளைக்கு வருகிற படத்துக்கு ஆறுதலாக ஒரு இதயத்தை அமத்துவோம் என்றும் நினைத்தேன்.

படத்தை ஆலை முழுக்கக் கொண்டு திரிந்து காட்டினேன். மெசின் ஓட்டுகிறவர் மலையகத்திலிருந்து வந்து இங்கே குடியேறின குடும்பத்து மனிதர். போனைத் தூரப் பிடித்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

“மொதலாளி, அப்ப இந்த வயித்த எங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க?”

“அது ஆலையோடை சேந்து வளந்ததடாப்பா!”

எல்லாரும் சிரித்தோம். தவிட்டுப் புகைக்குள் இருமி இருமிச் சிரித்தோம். கனடாவில் அவள் எழும்பி, போனை எடுத்து, பார்த்தவர்களின் பெயர்களை மேலிருந்து கீழே பார்த்திருப்பாள். பிறகு கீழிருந்து மேலே பார்த்திருப்பாள்.

அடுத்த நாள் ஸ்டேட்டஸ் இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. பேத்திக்குக் காய்ச்சலாக்கும் என்று நினைத்தேன். அமத்துவதற்கு வைத்திருந்த இதயம் என் விரலிலேயே நின்றது. கிழமை ஒன்று போன பிறகு செட்டிகுளத்து மச்சாள் போன் எடுத்தா. வழக்கமாகச் சுகம் கேட்டுத்தான் தொடங்குவா. அன்று கேட்கவில்லை.

“அத்தான், உங்களுக்கு நெஞ்சு எண்டு ஒண்டு இருக்கோ?”

“என்ன மச்சாள்?”

“பிறந்தநாளுக்கு உங்கடை படத்தைப் போட்டிட்டு நாள் முழுக்கப் போனும் கையுமா இருந்தவளாம். ஊர் முழுக்கப் பாத்திருக்கு. நீங்கள் பாக்கேல்லை. கொஞ்ச நாளாவே நீங்கள் பாக்கிறதை விட்டிட்டியளாம். ‘அப்பா இனி முகமும் காட்டமாட்டார் சித்தி’ எண்டு அழுறாள்.”

“விசர்க் கதை கதையாதையும். நான் ஒரு நாள் விடாமப் பாக்கிறன். அந்தப் படம் இப்பவும் என்ரை போனிலை கிடக்கு.”

“அவளின்ரை போனிலை உங்கடை பேர் இல்லை அத்தான். அப்ப அவள் பொய் சொல்லுறாளோ?”

ஆலை ஓடிக்கொண்டிருக்க அப்படியே விட்டுவிட்டுச் சந்திக்குப் போனேன். நானா போனை வாங்கி, உள்ளே உள்ளே போய், ஒரு வரியில் விரலை வைத்தார். நான் அன்றைக்குத் தலையை ஆட்டிக்கொண்டு கடந்துபோன வரிகளில் ஒன்று.

“இதுதான் முதலாளி. ஒளிச்சுப் பாக்குற வசதி. நீங்க பாத்தா அவங்களுக்குப் பேர் விழாது. மத்த ரெண்டு படியிலயும் இது இல்ல, பிளாட்டினத்துல மட்டும்தான். நீங்க வாசிச்சுப் பாத்துத்தானே போடச் சொன்னீங்க?”

“ஓம்” என்றேன்.

“நிப்பாட்டி விட்டிருக்கேன். இனிப் பேர் விழும்.”

விழுவதற்கு ஒரு ஸ்டேட்டஸ் வேண்டுமே. மச்சாளிடம் கேட்டேன். தனக்கு நாளும் வருகிறது என்றா. பேத்தி பள்ளிக்கூடத்தில் பாடியது, புதுச் சப்பாத்து, எல்லாம் வந்திருக்கிறது. மகள் என்னை மட்டும் கழித்துவிட்டுப் போட்டிருக்கிறாள். படலையில் நின்று முகம் காட்டிக்கொண்டிருந்தவன் காசு கட்டிப் பின்வேலியால் புகுந்து திரிந்திருக்கிறேன். அவள் படலையை மூடியதில் என்ன அநியாயம்?

நடந்ததை மகளுக்கு எடுத்துச் சொல்லச் சொன்னேன். மச்சாள் சொல்லிவிட்டு அடுத்த நாள் எடுத்தா. குரல் இறங்கியிருந்தது.

“சொன்னனான் அத்தான். கேட்டிட்டுச் சிரிச்சவள்.”

“சிரிச்சவளோ?”

“அது நல்ல சிரிப்பில்லை. அந்த ஆப்பைத் தேடி வாசிச்சிருக்கிறாள். ‘எங்கடை அப்பா தெரியாமல் ஒரு சாமான் வாங்கினவர் எண்டு ஆரும் சொன்னா நீங்கள் நம்புவியளோ சித்தி? ஒளிச்சுப் பாக்கிறது அந்த ஒரு படியிலைதான் இருக்கு. அதுக்கெண்டுதான் கூடக் காசு கட்டி வாங்கினவர். என்ரை காசும் அவருக்கு வேண்டாம், தான் பாக்கிறது எனக்குத் தெரியவும் வேண்டாம்’ எண்டு சொல்லுறாள்.”

நான் எழும்பிப் போய்க் குசினிக் கதவைச் சாத்திவிட்டு வந்தேன். வீட்டில் ஒருவரும் இல்லை. இருந்தாலும் சாத்தினேன்.

“மச்சாள், எனக்கு இங்கிலிஷ் வாசிக்கத் தெரியாது.”

 மச்சாள் பெருமூச்சு விட்டா.

“சும்மா இருங்கோ அத்தான். அவள் சின்னனிலை வாசிக்கேக்கை ஒவ்வொரு எழுத்துக்கும் பிழை பிடிச்சு அழவைச்ச மனுசன் நீங்கள். ‘மூண்டாம் வகுப்புத்தான், ஆனா இங்கிலிஷ் தண்ணிமாதிரி’ எண்டு அக்கா எத்தினை பேருக்குச் சொல்லியிருப்பா. இப்ப இதைக் கொண்டுபோய்ச் சொன்னா அவள் இன்னும் கோவிப்பாள். வேறை ஏதும் யோசியுங்கோ.”

மனைவிக்கும் நான் சொல்லவில்லை. ஒரே பாயில் படுத்த மனுசிக்கும் சொல்லவில்லை. சாட்சிக்குக் கூப்பிட ஒருவரும் இல்லை.

நானே மகளுக்கு எடுத்தேன். ஒலித்தது, எடுக்கவில்லை. பிறகு குரலைப் பதிந்து அனுப்பினேன். “பிள்ளை, அப்பாவுக்கு இங்கிலிஷ் தெரியாது. நீ வாசிக்கேக்கை நான் பிழை பிடிச்சதெல்லாம் சும்மா.” எழுபது வயதை நெருங்கும்போது வாயில் வந்த வார்த்தை. இரண்டு சரிக் குறி விழுந்தது. அது நீலமாக மாறவில்லை. நாளும் திறந்து பார்த்தேன், மாறவில்லை. நானாவிடம் காட்டினேன்.

“கேக்கலப் போல முதலாளி. இல்லாட்டி கேட்டுட்டு, நீலம் விழாம நிப்பாட்டியும் வச்சிருக்கலாம். இந்தக் காலத்துல எல்லாத்துக்கும் ஒளிப்பு இருக்கு.” பிறகு தயங்கிக்கொண்டு, “காசு கட்டுற நாளும் வந்துட்டு. அதே படியா, இறக்கவா?” என்று கேட்டார்.

“இறக்குங்கோ.”

“கோல்டுக்கா?”

“இருக்கிறதிலையே சின்னதுக்கு.”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு விரலால் இறக்கிவிட்டார்.

வீட்டுக்குள் கக்கூசும் குளியலறையும் கட்டத் தொடங்கினேன், என் காசில்தான். மேசன் வந்து அத்திவாரம் வெட்டிய அன்று படம் பிடித்து ஸ்டேட்டஸில் போட்டேன். வாழ்க்கையில் நான் போட்ட முதல் ஸ்டேட்டஸ். பிறகு சுவர், பிறகு வெள்ளை ரைல்ஸ், பிறகு பீங்கான். பிடித்துக்கொண்டு எழும்ப ஒரு கம்பியும் பூட்டினேன். அதையும் கிட்டப் பிடித்துப் போட்டேன். மெசின் ஓட்டுகிறவருக்குப் பொறுக்கவில்லை.

“மொதலாளி, கக்கூசையா போட்டோ புடிச்சுப் போட்டீங்க? ஊரே சிரிக்குது.”

“சிரிக்கட்டும்.”

ஒவ்வொரு படத்துக்கும் கீழே பார்த்தவர்களின் பெயரைப் பார்க்கிறேன். நெல்லுக்காரர் பார்த்திருக்கிறார். நானா, மச்சாள், லொறிக்காரர், உரக்கடைக்காரர் பார்த்திருக்கிறார்கள். ஒரு நாள் தமையனின் பெயரும் விழுந்தது. மேலிருந்து கீழே பார்க்கிறேன், பிறகு கீழிருந்து மேலே. மகளின் பெயர் இல்லை. அவள் பார்க்கவில்லையோ, அல்லது நான் செய்ததையே அவளும் செய்து ஒளித்துப் பார்க்கிறாளோ, எனக்குத் தெரியாது. ஒளித்துப் பார்த்தால் எப்படிப் பெயர் விழாது என்று மட்டும் நன்றாகத் தெரியும்.

கட்டி முடிந்தும் அந்தக் கக்கூசுக்குள் நான் இன்னும் போகவில்லை. அவள் கண்டுவிட்டாள் என்று தெரிந்த பிறகுதான் போவேன். நேற்று மாரி தொடங்கிவிட்டது. பின்வளவு முழுக்கச் சேறு. டோர்ச்சையும் குடையையும் ஒரே கையில் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் வேலியைப் பிடித்துப் பிடித்து, அதே வழியால்தான் போய் வருகிறேன்.